பாதியில் நின்ற ஏர் ஜாக்கி: நாமக்கல் லாரிப் பட்டறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஐப்பசி அடைமழை. மக்காச்சோளம் ஏற்றி வந்த பத்துச் சக்கர லாரி ஒன்று, பின்பக்கம் இடதுபுறம் பாரம் தாங்கும் வில்லின் மெயின் பட்டை உடைந்து, சாய்ந்தபடியே நாமக்கல் பக்கம் ஒரு பட்டறைக்குள் வந்து நின்றது. சுமையை இறக்கி வைக்க இடமில்லை. சோளம் நனைந்தால் கோழித்தீவன ஆலைக்காரர் வாங்க மாட்டார். சரி, சுமையோடு தூக்கிவிடலாம் என்று, காற்றழுத்தத்தில் ஓடும் 20 டன் ஏர் ஜாக்கியை லாரியின் அடிச்சட்டமான சேசிஸுக்கு அடியில் வைத்து ஹோஸை மாட்டினார்கள்.

ஜாக்கி டகடகவென்று ஓடியது. ஜாக்கியிலிருந்து மேலெழும் ராடு சேசிஸைத் தொட்டது, இரண்டு விரல் தூக்கியது. அப்புறம் அந்தச் சத்தம் இழுத்து இழுத்து, டக்… டக்… என்று ஒற்றை அடியாக மாறி, நின்றேபோனது. பட்டை கழற்ற இன்னும் நான்கு விரல் உயரம் வேண்டும்.

அன்று மாலைக்குள் பட்டறைக்காரர்கள் மூன்று காரியம் செய்திருந்தார்கள். டேங்கில் ஆயில் ஊற்றினார்கள். ஜாக்கியை இறக்கும் ரிலீஸ் வால்வு சரியாக மூடவில்லை என்று நினைத்து, அதன் கைப்பிடியில் ஒரு பைப்பைச் செருகி இறுக்கினார்கள். அதற்கும் மசியவில்லை என்றதும், பக்கவாட்டில் மூடிக்குள் இருந்த சேஃப்டி வால்வு ஸ்குரூவை முக்கால் சுற்று உள்ளே திருப்பினார்கள். கடைசியில் அதே ஜாக்கியின் கைப்பம்பை அடித்து லாரியைத் தேவையான உயரத்துக்குத் தூக்கிவிட்டார்கள். மேஸ்திரி மட்டும் பிடிவாதமாக ஒன்று செய்தார்: சேசிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு ஒன்றை நுழைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

காலையில் வந்து பார்த்தபோது சேசிஸ் ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. ஜாக்கியின் தலைக்கும் சேசிஸுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. இரவில் ஆள் தொடாமலேயே ஜாக்கி கீழே இறங்கியிருக்கிறது. ராடை உள்ளே இழுக்க ஸ்பிரிங் வைத்த மாடல் என்பதால், பாரம் ஸ்டாண்டுக்குப் போன பிறகும் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த ஸ்டாண்டு இல்லாமல், பட்டையைக் கழற்ற ஒருவர் உள்ளே படுத்திருந்தால்? அந்த எண்ணத்தோடுதான் எனக்கு அழைப்பு வந்தது. "அண்ணா, ஆயில் ஊத்தியாச்சுங்க, ரிலீசும் டைட் பண்ணியாச்சுங்க, சேஃப்டியையும் ஏத்தி வெச்சுப் பாத்தோம். ஏர்ல தூக்கவும் மாட்டேங்குது, தூக்கினா நிக்கவும் மாட்டேங்குது" என்றார் பட்டறைத் தம்பி.

தூக்காதது ஒரு பழுது, நிற்காதது வேறொரு பழுது. இரண்டையும் ஒன்றாக நினைத்ததில்தான் முதல் நாள் முழுவதும் வீணாகியிருக்கிறது என்று அப்போதே எனக்குப் பட்டது. ஆனால் பழுது பார்க்கும் முன் லாரியைப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் லாரி

பழுது சந்தேகம் உள்ள ஜாக்கியைப் பாரத்துக்கு அடியில் வைத்தபடி சோதிக்கக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. லாரி அப்போது ஒரே ஒரு ஸ்டாண்டின் மேல், மழை ஈரம் ஊறிய தரையில், முன் சக்கரத்துக்குக் கட்டை கூட வைக்காமல் நின்றுகொண்டிருந்தது. முதலில் முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் தடுப்புக் கட்டை போட்டோம். ரயில்வே ஸ்லீப்பர் மரக்கட்டைகளை இரண்டு இரண்டாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கிச் சேசிஸுக்கு அடியில் இன்னொரு தாங்கல் கொடுத்தோம். பக்கத்துப் பட்டறையில் கடன் வாங்கிய ஜாக்கியால் அரை விரல் மட்டும் தூக்கி, ஸ்டாண்டை நேராக வைத்து, பாரத்தை ஸ்டாண்டும் கட்டையும் பகிர்ந்துகொள்ளும்படி இறக்கினோம். பழுதான ஜாக்கியை வெளியே இழுத்து, கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டி ஓரமாக வைத்தோம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகளில் ஜாக்கிக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. தூக்கிய பாரத்துக்கு உடனே கட்டை கொடுக்க வேண்டும், பழுதான ஜாக்கிக்கு அடையாளம் கட்டி, சரியாகும் வரை பயன்படுத்தக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. சிவப்புத் துணிக்குப் பெரிய செலவொன்றும் இல்லை.

அந்த லாரியில் ஒரு பக்கப் பாரம் எவ்வளவு என்று தோராயமாகவாவது தெரிந்தால்தான் ஜாக்கி செய்ததும் செய்யாததும் விளங்கும். பின்பக்கம் இரட்டை அச்சுக்கு இப்போது அனுமதிக்கப்பட்ட எடை 21 டன். 2018இல் உயர்த்துவதற்கு முன் 19 டன். 21இல் பாதி பத்தரை. அதில் அச்சு, சக்கரம், டிரம் எல்லாம் தரையிலேயே நிற்பவை. அவற்றைக் கழித்தால் சேசிஸின் ஒரு பக்கத்தில் ஒன்பது டன் பக்கம் வரும். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கத் தூக்க அந்தப் பக்கத்துக்குப் பாரம் கூடிக்கொண்டே போகும், சேசிஸ் முறுக்கும் சேரும். ஆகவே ஒன்பதில் தொடங்கி பத்து, பதினொன்று என்று ஏறியிருக்கும். 20 டன் என்று முத்திரை குத்திய ஜாக்கிக்கு இது பாதி வேலைதான்.

உள்ளே என்ன நடக்கிறது

ஏர் ஜாக்கியில் இரண்டு பாதி. ஒரு பாதியில் காற்று, மறு பாதியில் ஆயில். காற்றுப் பாதிதான் ஏர் மோட்டார்; அங்கே காற்று வந்து ஒரு பெரிய பிஸ்டனைத் தள்ளும். அந்தப் பிஸ்டனின் முனையில் பென்சில் கனத்தில் ஒரு சின்னப் பிளஞ்சர் இருக்கும். அது ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் ஆயிலை ராடுக்கு அடியில் தள்ளும். காற்று வெளியேறியதும் ஸ்பிரிங் பிஸ்டனைத் திருப்பித் தள்ளும், டேங்கிலிருந்து பிளஞ்சர் மறுபடியும் ஆயிலை உறிஞ்சும். நாம் கேட்கும் டகடக சத்தம் இதுதான். போன ஆயில் திரும்பி வராமல் ஒரு குண்டு வால்வு தடுக்கும். இறக்க வேண்டும் என்றால் ரிலீஸ் வால்வைத் திறந்து ஆயிலை டேங்குக்கு விடுகிறோம். பாரம் அளவு மீறினால் சேஃப்டி வால்வு தானாகத் திறந்து ஆயிலை டேங்குக்கே அனுப்பிவிடும்.

இந்த ஜாக்கியின் சிலிண்டர் உள்விட்டம் 60 மி.மீ. பரப்பு 28 சதுர சென்டிமீட்டரும் கொஞ்சமும். (வெளியே தெரியும் ராடை அளந்து கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தப்பு; ஆயில் தள்ளுவது உள்ளே இருக்கும் பிஸ்டனின் முழு அகலத்தை.) 20 டன் தூக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 700 கிலோ ஆயில் அழுத்தம் வேண்டும். நாம் கொடுக்கும் காற்றோ சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு எட்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு; லாரி டயரில் அடைக்கிற காற்றை ஒட்டியதுதான். பெரிய பிஸ்டனும் சின்னப் பிளஞ்சரும் சேர்ந்து அதை எண்பது மடங்குக்கு மேல் பெருக்கித் தருகின்றன. இந்தப் பெருக்கம் மாறாதது. ஆகவே காற்று பாதியானால் தூக்கும் திறனும் பாதியாகும். பாதிக்கும் கீழேகூடப் போகும், ஏனென்றால் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங்கை அமுக்குவதற்கே கொஞ்சம் காற்று செலவாகிவிடுகிறது.

ஜாக்கியின் தகட்டில் 110 முதல் 120 பவுண்டு என்று தெளிவாக அச்சடித்திருந்தது. "காத்து எவ்வளவு இருக்கு?" என்று கேட்டேன். "120 இருக்குங்கண்ணா, கம்ப்ரசர்ல பாத்தேன்" என்றார் தம்பி. கம்ப்ரசர் ஷெட்டின் அந்தக் கோடியில் இருந்தது. ஜாக்கியோ இந்தக் கோடியில்.

காற்றை ஜாக்கியின் வாயில் அளந்தோம்

ஜாக்கிக்கும் ஹோஸுக்கும் நடுவில் ஒரு டி-ஜாயின்ட் போட்டு அதில் மீட்டரை மாட்டினோம். ஜாக்கி ஓடாமல் சும்மா இருக்கும்போது 75 பவுண்டு. பாரமில்லாமல் ஓடவிட்டால் 50க்கு இறங்கியது.

இந்த இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும், அவை சொல்வது வேறு வேறு. ஓடும்போது மட்டும் அழுத்தம் இறங்கினால் வழியில் எங்கோ அடைப்பு, அல்லது ஹோஸ் ஒல்லி. அப்படியானால் ஜாக்கி மெதுவாகத் தூக்கும், ஆனால் தூக்கும். பாரம் ஏற ஏற அடி குறையும், காற்றோட்டம் குறையும், ஜாக்கியின் வாயில் அழுத்தம் மறுபடி ஏறிவிடும். ஆனால் சும்மா இருக்கும்போதே அழுத்தம் குறைவாக இருந்தால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஜாக்கி ஓர் இடத்துக்கு மேல் நகராது. இங்கே இரண்டு கோளாறும் ஒன்றாக இருந்தன. லாரியைப் பாதியில் நிறுத்தியது 75. இழுத்து இழுத்து ஓட வைத்தது 50.

பைப் லைனைக் கையால் தடவிக்கொண்டே நடந்தோம். சுவரில், பெயின்ட் அடிக்கும் இடத்துக்குத் திரும்பும் முனையில், காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ரெகுலேட்டர். ஸ்பிரே கன்னுக்குக் காற்று அதிகம் என்று பெயின்டர் சில நாள் முன்பு அதைக் குறைத்து வைத்திருக்கிறார். அவர் மேல் குற்றமில்லை. அவருக்குத் தேவையான அளவு அதுதான். ஆனால் ஜாக்கிக்குப் போகும் லைனும் அந்த ரெகுலேட்டருக்கு அப்புறம்தான் பிரிகிறது. போன மழைக்காலத்துக்குப் பிறகு ஷெட்டை நீட்டியபோது அப்படி இணைத்துவிட்டார்கள். காலி லாரிகளைத் தூக்கிக்கொண்டிருந்தவரை 75 பவுண்டே போதுமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஃபில்டர் கிண்ணத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். கம்ப்ரசர் டேங்கின் அடி வால்வைத் திறந்ததும் டீத் தண்ணீர் நிறத்தில் கொட்டியது. சத்தம் மாறிக் காற்று வர நேரம் பிடித்தது. மழைக்காலக் காற்றை அமுக்கினால் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகப் பிரியத்தான் செய்யும். அதைத் தினமும் வடிக்காவிட்டால் அது லைனில் ஏறி, ஜாக்கியின் ஏர் மோட்டாருக்குள் போய், துரு பிடிக்க வைக்கும். இந்த ஜாக்கியில் காற்று வெளியேறும் வாயில் இருக்கும் சைலன்சரைக் கழற்றினால் உள்ளிருந்த பஞ்சு கறுத்து, பிழிந்தால் சொட்டுகிற அளவுக்கு நனைந்திருந்தது. வெளியே போக வேண்டிய காற்று போக முடியாமல் திணறினால், உள்ளே வரும் காற்றுக்கும் வேகம் இருக்காது.

ஹோஸ் கால் இஞ்ச் சுருள் ஹோஸ். நட்டு கழற்றும் ஸ்பேனர் கன்னுக்கு வாங்கியதை ஜாக்கிக்கும் போட்டிருந்தார்கள்.

கைப்பம்பு சொன்ன சேதி

காற்றுப் பக்கம் இவ்வளவு கோளாறு கிடைத்ததும் அங்கேயே நின்றுவிடலாம் என்று தோன்றும். ஆனால் முதல் நாள் நடந்ததிலேயே ஒரு துப்பு இருந்தது. ஏரில் நின்றுபோன ஜாக்கி, கைப்பம்பில் தூக்கியிருக்கிறது. இந்த மாடலில் கைப்பம்புக்குத் தனிப் பிளஞ்சர், ஏர் மோட்டாருக்குத் தனிப் பிளஞ்சர். ராடு, குண்டு வால்வு, ரிலீஸ் வால்வு, சேஃப்டி வால்வு எல்லாம் இரண்டுக்கும் பொது. ஆகவே கையில் தூக்கி, ஏரில் தூக்காவிட்டால் பழுது காற்றுப் பக்கம். கையிலும் தூக்காவிட்டால் ஆயில் பக்கம். கைப்பம்பு உள்ள ஏர் ஜாக்கி யாரிடமாவது இருந்தால், ஸ்பேனரை எடுக்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பட்டறையில் அன்று ஆயில் ஊற்றியது, ரிலீஸை முறுக்கியது, சேஃப்டியைத் திருப்பியது மூன்றுமே ஆயில் பக்கத்து வைத்தியம். அந்தப் பக்கம் தூக்குவதற்குத் தகுதியாகத்தான் இருந்தது என்பதைக் கைப்பம்பு அன்று மாலையே காட்டிவிட்டது.

இதை எண்ணோடு உறுதிப்படுத்த ஆசை. பட்டறையில் பேரிங் தட்ட 50 டன் பிரஸ் இருந்தது, மீட்டரோடு. ஜாக்கியைப் பிரஸ் மேசையில் நிறுத்தி, பிரஸ்ஸின் ராடைக் கொஞ்சம் இறக்கி, பிரஸ் வால்வை மூடிவிட்டால், ஜாக்கி கீழிருந்து தள்ளும் விசை அதன் மீட்டரில் டன்னாகத் தெரியும். முதலில் ஜாக்கிக்குப் பதில் ஒரு கெட்டியான இரும்புக் கட்டையை வைத்து, பிரஸ்ஸையே 10 டன்னுக்கு அழுத்திப் பத்து நிமிடம் விட்டோம். முள் நகரவில்லை. பிரஸ்ஸே கசிந்தால் ஜாக்கியின் மேல் வீண்பழி விழும், அதனால்தான். ஜாக்கி நடு மையத்தில், செங்குத்தாக. முன்னால் கனத்த தகடு ஒன்றைத் தடுப்பாக நிறுத்தினோம். ஏர் வால்வை இயக்குகிறவர் பக்கவாட்டில், மற்றவர்கள் இரண்டு மீட்டர் தள்ளி. சேஃப்டி வால்வை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்பதால் அதை நம்ப முடியாது. ஆகவே 15 டன்னுக்கு மேல் எக்காரணம் கொண்டும் போவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டோம்.

75 பவுண்டில் ஏர் மோட்டார் பத்தரை டன்னில் நின்றது. நேர்விகிதக் கணக்குப்படி பன்னிரண்டரை வர வேண்டும். ஸ்பிரிங்கும் சீல்களின் உராய்வும் ஈரம் ஏறிய மோட்டாரும் மீதியைத் தின்றிருக்கின்றன. அதே இடத்திலிருந்து கைப்பம்பை அடித்தால் முள் தடங்கலின்றி 15க்குப் போனது. ரெகுலேட்டரைத் தாண்டித் தற்காலிகமாக ஓர் இணைப்புக் கொடுத்து 120 பவுண்டு வந்ததும், ஏரிலேயே 15ஐத் தொட்டது. லாரி ஏன் இரண்டு விரலோடு நின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

இனி, ஏன் இறங்கியது? 10 டன்னில் நிறுத்தி, காற்றைக் கழற்றி, கடிகாரம் பார்த்தோம். ஐந்து நிமிடத்தில் முள் 7க்கு வந்துவிட்டது. பிரஸ்ஸில் எல்லாம் இறுக்கமாக இருப்பதால் ஒரு துளி ஆயில் கசிந்தாலும் முள் நிறைய இறங்கும். லாரிக்கு அடியில் இதே கசிவு ராத்திரி முழுவதும் சேர்ந்துதான் தெரிந்திருக்கிறது. வெளியில் சொட்டு ஆயில் இல்லை. ராடைச் சுற்றிலும் காய்ந்திருந்தது. சைலன்சர் வழியாகவும் ஆயில் புகை வரவில்லை. வந்திருந்தால் பிளஞ்சர் சீல் போய்விட்டது என்று பொருள். அப்படியானால் ஆயில் ஜாக்கிக்குள்ளேயே டேங்குக்குத் திரும்புகிறது. வழிகள் மூன்று: ரிலீஸ் வால்வு, குண்டு வால்வு, சேஃப்டி வால்வு.

திறந்தபோது

திறப்பதற்கு முன் ஏர் ஹோஸைக் கழற்றினோம், ரிலீஸைத் திறந்தோம், ராடு முழுக்க உள்ளே இறங்கியதைக் கண்ணால் பார்த்தோம். அதற்கப்புறம்தான் ஸ்பேனர். 700 கிலோ அழுத்தத்தில் ஊசிமுனைத் துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். காயம் வெளியில் எறும்பு கடித்தது போலத்தான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அப்படி ஆகிவிட்டால் மருந்து தடவி வீட்டில் இருக்கக் கூடாது. அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போய், ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே ஏறிவிட்டது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் நம் பட்டறைகளில் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஒரு அட்டைத் துண்டைக் காட்டினால் போதும், அதில் கறை விழும்.

ஆயில் வடித்தோம். நீர்மோர் போல வெளுத்து வந்தது. டேங்கின் ரப்பர் மூடி எப்போதோ தொலைந்து, அதற்குப் பதிலாகத் துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஜாக்கி கிடக்கும். தண்ணீர் போன வழி அதுதான்.

ரிலீஸ் வால்வின் குண்டை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தேன். மிளகை விடச் சற்றே பெரிய எஃகுக் குண்டு. ஒரு பக்கத்தில் மோதிரம் போல மெல்லிய வட்டத் தடம். அந்த வட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் நகத்தால் தடவினால் சிக்குகிற பள்ளம். குண்டு உட்காரும் இடத்தில் அதற்கு நேராகத் துருத் துகள் ஒன்று அழுந்திப் பதிந்திருந்தது. நடந்தது இப்போது கண்முன் தெரிந்தது. தண்ணீரால் துரு, துருத் துகள் குண்டுக்கடியில் வந்து நின்றிருக்கிறது, அதன் மேல் பைப் போட்டு முறுக்கியதில் துகள் உலோகத்துக்குள் அமுங்கிவிட்டது. முறுக்காமல் இருந்திருந்தால், ரிலீஸை இரண்டு மூன்று தடவை முழுக்கத் திறந்து ஆயிலை ஓடவிட்டாலே துகள் அடித்துக்கொண்டு போயிருக்க வாய்ப்புண்டு. ரிலீஸ் வால்வு கை இறுக்கத்தில் மூட வேண்டியது. கை இறுக்கத்தில் நிற்காவிட்டால் பழுது குண்டிலோ அது உட்காரும் இடத்திலோ இருக்கிறது, கையின் பலத்தில் இல்லை.

குண்டு வால்வில் வேறொன்று கிடைத்தது: முடியளவு வெள்ளை நூல். திருப்பூர் பனியன் வேஸ்ட், அதாவது பனியன் துணிக் கழிவு. கை துடைக்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் ஜாக்கியின் உள்பாகத்தை அதனால் துடைத்தால் நூல் பிரிந்து நிற்கும், அந்த ஒரு நூல் குண்டைத் தூக்கிப் பிடிக்கும். உள்ளே துடைக்க நூல் பிரியாத துணி, அல்லது மண்ணெண்ணெயில் கழுவிக் காற்றில் உலர்த்துவது. காற்றடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொண்டோம்.

சிலிண்டர் உள்சுவரில் கீறல் இல்லை. அது நல்ல செய்தி. அங்கே துரு குழி விழுந்திருந்தால் ஜாக்கியையே கழித்துவிட வேண்டியதுதான்.

புதுக் குண்டு போட்டு, பித்தளைத் தண்டால் மேலிருந்து ஒரே ஒரு லேசான தட்டு, அது உட்காரும் இடத்தைத் தானே பதித்துக்கொள்ளும்படி. அதற்கு முன் பழைய துகளை எடுத்து, அந்த இடத்தைச் சீராக்கினோம். சீல் கிட் அதே மாடல் எண்ணுக்கு வாங்கியது. புது ஆயில் 32ஆம் நம்பர் ஹைட்ராலிக் ஆயில். இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: அவசரத்துக்குப் பிரேக் ஆயில் ஊற்றுவதை நான் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. ஜாக்கியின் நைட்ரைல் ரப்பர் சீல்களுக்கு அது ஒத்துவராது, ஊதிக் குழைந்துபோகும். ஊற்றிய அன்று நன்றாகத் தூக்கும். சீல் எப்போது கைவிடும் என்று அதன் கீழே இருப்பவருக்குத் தெரியாது. எஞ்சினில் வடித்த பழைய ஆயிலும் வேண்டாம், அதில் கரியும் உலோகத் துகளும் இருக்கும்.

ஆயில் அளவு பார்க்கும்போது ராடு முழுக்க உள்ளே, ஜாக்கி நேராக. ஊற்றும் துளையின் கீழ் விளிம்புவரை போதும். ராடு வெளியே இருக்கும்போது நிரப்பினால், இறங்கும்போது திரும்பி வரும் ஆயிலுக்கு டேங்கில் இடமிருக்காது. முதல் நாள் ஊற்றிய ஆயில் அப்படித்தான் வழிந்திருக்கிறது. அப்புறம் ரிலீஸைத் திறந்துவைத்துக் கைப்பம்பைப் பதினைந்து தடவை அடித்து உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றினோம். மூடி, ராடை முழுக்க ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றியபோது துள்ளல் இல்லாமல் ஒரே சீராக எழுந்தது. ஏர் மோட்டாரைக் கழுவி உலர்த்தி, காற்று வரும் வாயில் நான்கு சொட்டு ஏர் டூல் ஆயில். கெட்டியான ஆயிலை அங்கே விட்டால் உள் வால்வு ஒட்டிக்கொள்ளும்.

சேஃப்டி வால்வு

இதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது, ஆனால் பட்டறையில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூடியின் மேல் கம்பெனி வைத்த மஞ்சள் பெயின்ட் முத்திரை உடைந்திருந்தது. முக்கால் சுற்று என்று தம்பி சொன்னார். "திருப்பிப் பழையபடி முக்கால் சுத்து வெளியே எடுத்துட்டாப் போதாதுங்களாண்ணா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் முக்கால் என்பது அவர் ஞாபகம். எழுநூறு கிலோவைத் தாங்கும் கெட்டியான ஸ்பிரிங்கில் கால் சுற்று வித்தியாசமே பல டன்னாக மாறும். மேலும் அந்த ஸ்குரூ தூக்கும் சக்தியைக் கூட்டுவதற்கு இல்லை. தூக்குவது காற்றும் பிளஞ்சரும். சேஃப்டி வால்வு அளவு மீறும்போது திறப்பதற்கு மட்டும்தான். அதை இறுக்கினால் ஜாக்கிக்கு ஒரு டன்கூடச் சக்தி கூடாது. உடைகிற நேரத்தில் தடுக்க வேண்டியது தடுக்காமல் போகும். ஏரில் 120 பவுண்டுக்கு மேல் கொடுக்காதவரை காற்றே ஒரு வரம்பு. கைப்பம்பில் அந்த வரம்பும் கிடையாது, நீளமான பைப்பைச் செருகி அடித்தால் போய்க்கொண்டே இருக்கும். முதல் நாள் மாலை லாரியைத் தூக்கியது இந்த நிலையில் இருந்த ஜாக்கியின் கைப்பம்புதான்.

அளவுக் கருவியோடு கூடிய சோதனை மேசை என்னிடம் இல்லை. பிரஸ்ஸில் வைத்து 20 டன்னைத் தாண்டி அழுத்திப் பார்த்து, எங்கே திறக்கிறது என்று தேடுவது எனக்குச் சம்மதமில்லை. சேலத்தில் ஹைட்ராலிக் வேலை செய்யும் இடம் ஒன்றுக்கு ஜாக்கியைக் கொடுத்தனுப்பினோம். அதுவரை சிவப்புத் துணி அப்படியே இருந்தது. லாரியின் பட்டை வேலை கடன் ஜாக்கியாலும் ஸ்டாண்டுகளாலும் அன்றே முடிந்து, சோளம் நனையாமல் போய்ச் சேர்ந்தது.

திரும்பி வந்த பிறகு

ஐந்தாம் நாள் ஜாக்கி வந்தது. வால்வை 20 டன்னுக்குச் சற்று மேலே திறக்கும்படி வைத்து, ஸ்குரூவில் புது முத்திரை போட்டிருந்தார்கள். அதற்குள் பட்டறையில் ஜாக்கி லைனைப் பெயின்ட் ரெகுலேட்டருக்கு முன்னாலேயே பிரித்து, தனி ஃபில்டரும் ரெகுலேட்டரும் ஆயில் சொட்டுக் கிண்ணமும் வைத்துவிட்டார்கள். ஹோஸ் அரை இஞ்ச். டேங்கை மாலையில் வடிக்கும் வேலை வாட்ச்மேனிடம்.

பிரஸ்ஸில் மறுபடி 10 டன்னில் நிறுத்திப் பத்து நிமிடம் பார்த்தோம். முள் இடம் மாறவில்லை. அடுத்து ஒரு காலி லாரியின் பின் அச்சைத் தூக்கி, அரை விரல் கீழே ஸ்டாண்டுகளை நிறுத்திவிட்டு, ராடில் சாக்பீஸால் கோடு போட்டு ஸ்டீல் ஸ்கேலால் அளந்து வைத்தோம். அரை மணி கழித்தும் அதே அளவு. பிறகு ரிலீஸைக் கால் கால் சுற்றாகத் திறந்து பாரத்தை ஸ்டாண்டின் மேல் உட்கார வைத்தார் மேஸ்திரி. அவர் யாரிடமும் கேட்கவில்லை; ஜாக்கி சரியான அன்றும் ஸ்டாண்டு வந்துதான் தீர வேண்டும் என்பது அவர் கணக்கு.

டி-ஜாயின்டும் மீட்டரும் இப்போது ஜாக்கியின் வாயிலேயே நிரந்தரமாக இருக்கின்றன. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். தூணில் சாக்பீஸில் தம்பி எழுதி வைத்திருந்தார்: சும்மா 118, ஓடும்போது 104.